பாட்டு ஏற்றிய கடையில் காயின் ஏற்றிய கதை

என் தம்பி வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஜெயித்திருக்கிறான். அந்த ஒரு ஜெயிப்பை வைத்துக்கொண்டு அவன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் எங்கள் கடைத்தெரு. அங்கே ஒரே கடையை நடுவில் பலகை அடித்துப் பிரித்து, ஒரு பக்கம் நான் தையல் கடையும் மறு பக்கம் தம்பி செல்போன் கடையும் வைத்திருக்கிறோம். பலகை பெயருக்குத்தான். அவன் தும்மினால் இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோக்கிற என் கை ஆடும். வாடிக்கையாளர்களிடம் அவன் விடுகிற கதைகள் ஒன்றுகூடத் தப்பாமல் என் காதில் விழும். அதனால் நான் இங்கே எழுதுவது எதையும் அவனால் மறுக்க முடியாது. மறுத்துப் பார்க்கட்டும்.

அவன் ஜெயித்தது பாட்டில். பாடி ஜெயித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் வாயைத் திறந்தால் வயலில் நிற்கிற கொக்கு பறந்துவிடும். எல்லோர் கையிலும் பட்டன் போன் வந்த நேரத்தில், அதற்குள் நகத்தளவு மெமரி கார்டைச் செருகி, அதில் பாட்டு ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தான். ‘இங்கு பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று வாசலில் எழுதி மாட்டினான். எதிர்வரிசையில் கேசட் கடை வைத்திருந்தவர் அதைப் படித்துவிட்டு, “பாட்டு என்ன நெல்லு மூட்டையா, ஏத்தி இறக்குறதுக்கு?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பொங்கலுக்கு அவர் அதே கடையில் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பைத் தம்பி மறக்கவே இல்லை. புதுசாக எது வந்தாலும், யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால் போதும், அது நிச்சயம் ஜெயிக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நடுவில் ஈமு கோழி வந்தபோதும் ஊரே சிரித்தது. அந்தக் கணக்கை அவன் சேர்த்துக்கொள்வதில்லை.

பாட்டு ஏற்றுவதில் அவனுக்கு ஒரு முறை இருந்தது. வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பொறுக்கிக் கொடுக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. ‘சாமி’, ‘சோகம்’, ‘டிராக்டர்’ என்று கம்ப்யூட்டரில் மூன்று கட்டு வைத்திருந்தான். டிராக்டர் கட்டில் இருப்பதெல்லாம் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கிற பாட்டுகள். யார் வந்தாலும் மூன்றில் ஒன்று, அப்படியே முழுசாக. நடவுக்கு வருகிற பெண்கள் இடுப்பில் செருகியிருந்த போனிலும், மினி பஸ்ஸிலும், அறுவடை மெஷினிலும் ஒரே பாட்டு ஒரே வரிசையில் ஓடியது. அதில் ஒரு பாட்டு, பல்லவி முடிந்து சரணம் தொடங்குகிற இடத்தில் வெட்டுப்பட்டு நின்றுவிடும். அவன் கம்ப்யூட்டரில் இருந்ததே அப்படித்தான். எங்கள் வட்டாரம் முழுக்க அந்தப் பாட்டு அந்த இடத்தில்தான் முடியும். ஒரு கல்யாணத்தில் கச்சேரிக்காரர்கள் அதை முழுசாகப் பாடியபோது, “என்னத்தையோ இழுத்து விடுறானுங்க” என்று எங்கள் ஆட்கள் முகம் சுளித்தார்கள்.

இவ்வளவு நடந்தும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பாட்டை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் கொடுத்தவனிடம் அது இருந்தது. பாடினவருக்கும் இசை போட்டவருக்கும் இதில் ஏதாவது போய்ச் சேர்ந்ததா என்று எங்கள் கடைத்தெருவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. ‘சோகம்’ கட்டு என் போனிலும் இருந்தது.

பிறகு பாட்டெல்லாம் நெட்டிலேயே வந்துவிட்டது. தம்பி ரீசார்ஜ், போன் கவர், கண்ணாடி ஒட்டுவது என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரில் ஏதோ ஒரு ஓட்டலில் இலவச வகுப்பு என்று போனான். அங்கே, நம் ஊர் வெயிலிலும் கோட்டு போட்டிருந்த ஒருவர், திரையில் ஒரு பக்கம் கேசட், சி.டி., மெமரி கார்டு என்றும், மறு பக்கம் ரூபாய் நோட்டு, ஏ.டி.எம். கார்டு, கையில் தொட முடியாத, கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற காயின் என்றும் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பாட்டு எப்படிப் பெட்டியை விட்டு வெளியே வந்து உலகம் முழுக்கப் பரவியதோ, அப்படியே பணமும் பாங்கை விட்டு வெளியே வந்து பரவப் போகிறது என்றாராம். மற்றவர்களுக்கு அது ஒரு படம். என் தம்பிக்கு அது அவனுடைய ஜாதகம். மெமரி கார்டுக்குப் பக்கத்தில் தான் நிற்பதாகவே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வந்ததும் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து ஆரம்பித்தான்.

“அக்கா, எம்பி3 வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்கல்ல?”

“ஆமாடா.”

“இப்ப காயினப் பாத்து யாரு சிரிக்கிறா?”

“நான்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல ஊரே சிரிக்கும்.”

“அதான் சொல்றேன்! சிரிச்சா ஜெயிச்சிரும்!”

நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “பாட்டுன்னா கேக்கலாம். இத வாங்கி என்னடா பண்றது?”

“வெச்சிருக்கலாம்.”

“வெச்சிருந்து?”

“விலை ஏறுனதும் விக்கலாம்.”

“யாருகிட்ட?”

“இன்னும் வாங்காதவங்ககிட்ட.”

“அவங்க வாங்கி?”

“அவங்களும் வெச்சிருப்பாங்க.” அதற்குமேல் கேட்டால் நான் அவனுடைய முன்னேற்றத்தைப் பொறுக்காதவள் ஆகிவிடுவேன். முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்கிறேன். பாட்டும் பரவியது, காயினும் பரவியது. தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டவன் அதைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தது அந்த ஆளும் கேட்கட்டும் என்ற சந்தோஷத்தில். காயின் வாங்கினவனோ பக்கத்து ஆளும் வாங்கினால்தான் தன் விலை ஏறும் என்ற அவஸ்தையில் கூப்பிடுகிறான். இதை நான் சொன்னதற்கு, “அக்கா, உனக்கு டெக்னாலஜி புரியாது” என்று சொல்லிவிட்டான். வாசலில் ‘பாட்டு’ என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு ‘காயின்’ என்று எழுதினான். ‘ஏற்றித் தரப்படும்’ அப்படியே இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். பாட்டு ஏற்றின கை, காயின் ஏற்றாதா? முதலில் வந்தவர் வெற்றிலை மொத்த வியாபாரி. கடைத்தெருவில் கொஞ்சம் பெரிய மனிதர், கையில் மோதிரம், வாயில் எப்போதும் அவர் விற்கிற வெற்றிலை. போனை மேஜைமேல் வைத்து, “தம்பி, கார்டு உள்ளதான் இருக்கு. இடம் பத்தலன்னா பாட்ட அழிச்சிட்டுக் காயின ஏத்திரு” என்றார். அடுத்து பூக்கடை அக்கா வந்தது. அது கையிலிருந்த சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, “பாதி இன்னிக்கு ஏத்து, மீதி வெள்ளிக்கிழம ஏத்து, நல்ல நாளு” என்றது. பிறகு ஒருவர் பார்த்து ஒருவர் என்று பாதிக் கடைத்தெரு வந்துவிட்டது.

ஏற்றுகிற முறை இதுதான். பணத்தைத் தம்பி வாங்கி, தன் கணக்கில் காயின் வாங்குவான். வந்தவர் போனில் ‘வாலெட்’ என்று ஒரு பர்ஸை இறக்கி, அதற்குள் அனுப்பி வைப்பான். அந்தப் பர்ஸைத் திறக்கப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வேண்டும். பூட்டுக்குச் சாவி மாதிரி, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பன்னிரண்டு. அதைத்தான் நாங்கள் யாரும் தெரிந்துகொள்ளவில்லை, ஏற்றினவன் உட்பட.

அவன் தெரிந்துகொண்டிருக்க வாய்ப்பும் இல்லை. கடை திறந்த நாளிலிருந்து அவன் எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த சாஃப்ட்வேர் போட்டாலும், எங்கோ வாங்கி வந்த ஒரே நம்பரை எல்லாவற்றிலும் தட்டித்தான் போட்டான். ஒரு நம்பரில் இந்த வட்டாரத்துக் கம்ப்யூட்டர் அத்தனையும் ஓடியது. பன்னிரண்டு வார்த்தையும் அந்த மாதிரி ஒரு நம்பர் என்று நினைத்துவிட்டான். தனக்கு முதலில் கிடைத்த பன்னிரண்டையே வெற்றிலைக்காரர் போனிலும் போட்டான், பூக்கடை அக்கா போனிலும் போட்டான், எல்லோர் போனிலும் போட்டான். ‘டிராக்டர்’ கட்டை எப்படிக் கொடுத்தானோ அப்படியே.

ஆக, கடைத்தெரு முழுக்க இருந்தது ஒரே பர்ஸ். அதைத்தான் ஆளுக்கொரு போனில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூக்கடை அக்கா பணம் போட்டால் வெற்றிலைக்காரர் போனில் ஏறியது. வெற்றிலைக்காரர் போட்டால் பூக்கடை அக்கா போனில் ஏறியது. போட்ட அன்றே கூடுதலாகக் காட்டினால், புதுசாகச் சேர்கிறவர்களுக்கு அது போனஸ் என்று தம்பி அடித்துவிட்டான். சும்மா வைத்திருந்த காசு தானாக வளர்கிறதென்று ஆளாளுக்குப் பூரித்துப்போனார்கள். பூரித்தவர்கள் இன்னும் கொஞ்சம் போட்டார்கள். அது மற்ற எல்லோருக்கும் ஏறியது. அவர்களும் பூரித்துப் போட்டார்கள். உலகத்தில் காயின் விலை ஏறியதோ இறங்கியதோ, எங்கள் கடைத்தெருவில் அது இறங்கவே இல்லை. வாரச்சந்தை அன்றைக்கு நன்றாக ஏறும். ஞாயிற்றுக்கிழமை தம்பி கடைக்கு லீவு, அன்றைக்கு ஏறாது. “ஞாயித்துக்கிழம ஒலகம் பூரா லீவுல்ல” என்று வெற்றிலைக்காரர் விளக்கம் கொடுத்தார். தம்பி அதை ஆமோதித்தான். வகுப்பில் கோட்டுக்காரர், காயின் வைத்திருந்தால் குட்டி போடும் என்று சொல்லியிருந்தாராம்.

எல்லோர் போனிலும் ஒரே தொகை இருப்பதை எப்படி ஒருத்தருமே கவனிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கவனிக்க வேண்டுமென்றால் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டால்கூட “ஏதோ கறக்குது” என்றுதான் பதில் வரும். கண்ணு பட்டுவிடுமாம். காயின் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். “எவ்ளோ ஏறியிருக்கு?” என்றால் “ஏதோ இருக்கு, ஆண்டவன் புண்ணியத்துல” என்று போனைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார்கள். பூக்கடை அக்கா போனையே முந்தானைக்குள் வைத்துத்தான் பார்க்கும்.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு வயல் பார்க்கிறார். அவர் அப்பா காலத்திலிருந்து பார்க்கிற வயல். அந்த வருஷம் குறுவையை அறுத்துக் கொட்டிய நேரம் மழை பிடித்துக்கொண்டது. நெல் நனைந்து, காயவைத்து, மறுபடி நனைந்து, கடைசியில் கிடைத்தது ரொம்பக் குறைச்சல். அடுத்து அதே வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி நட வேண்டும். நாற்று விட்டாகிவிட்டது. ஆனால் உழவுக்கும் நடவாட்களுக்கும் உரத்துக்கும் கையில் இருந்த பணம் பாதிக்குக்கூடக் காணாது. நடாமல் தரிசாகப் போட்டால் நிலத்துக்காரர் வயலை வேறு ஆளிடம் விட்டுவிடுவார். வெளிப்படையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வயல் போனால் என் வீட்டுக்காரர் என்ன ஆவார் என்று என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவருக்கு வேறு வேலை தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு பேச்சே அவருக்குத் தெரியாது.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும், “மாமா, இருக்குறத இதுல போடுங்க. நாத்து வளர்றதுக்குள்ள இது வளந்துரும்” என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் என் கண்ணெதிரிலேயே கடைத்தெருவில் எல்லோருக்கும் ஏறிக்கொண்டிருந்தது. பொய் என்று எந்த வாயால் சொல்வது? “உங்க இஷ்டம்” என்றேன். போட்டார். அன்றைக்கு சந்தை நாள். சாயங்காலமே ஏறியிருந்தது. வயலில்கூட வரப்பில் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாற்றங்காலையும் போனையும் மாறி மாறிப் பார்த்த மனிதரைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் எடுக்க வேண்டிய அவசரமில்லை. இன்னும் ஏறட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். இவருக்கு நாற்று நாள் குறித்துவிட்டது. ஒரு காலையில் நேராகக் கடைக்கு வந்து, “மாப்ள, நாத்து முத்துனா தூரு கட்டாது. எல்லாத்தையும் எடுத்துரு” என்றார்.

“மாமா, இன்னும் ஒரு மாசம் விட்டீங்கன்னா…”

“நாத்துகிட்ட வந்து நீயே சொல்லு.”

தம்பி எடுத்துக் கொடுத்தான். தொகையைப் பார்த்து அவனே ஆடிப்போய்விட்டான். அவர் போட்டதைவிடப் பல மடங்கு. ஆனால் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. “வெளிய சொல்லாத மாப்ள, கண்ணு பட்டுரும்” என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து தொகையை என் காதில் மட்டும் சொன்னார். அன்றைக்கே குத்தகை பாக்கியை அடைத்தார். டிராக்டர் விட்டார். உரம் வாங்கினார். ஆசை யாரை விட்டது, பக்கத்தில் கிடந்த வயலையும் சேர்த்துப் பிடித்தார். ஆள் விட்டு ஒரே மூச்சில் இரண்டு வயலையும் நட்டு முடித்தார். வந்த பணம் மொத்தமும் சேற்றில் இறங்கிவிட்டது.

அவர் பணம் எடுத்த மறுநாளிலிருந்து கடைத்தெருவில் ஒவ்வொரு போனாக வெறும் பர்ஸைக் காட்ட ஆரம்பித்தது. முதலில் வந்தவரிடம் தம்பி, “சர்வர் டவுன்” என்றான். அடுத்தவரிடம், “அப்டேட் ஆகுது” என்றான். நடவு முடிந்த அன்று சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வெற்றிலைக்காரர் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றார். பூக்கடை அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

“எவ்ளோ இருந்துச்சு தெரியுமா எனக்கு? வாயத் தொறந்து சொல்லட்டுமா?” என்றார் வெற்றிலைக்காரர். கோபத்தில் கண்ணுபடுவதெல்லாம் மறந்துபோய், கடைசிச் சில்லறை வரைக்கும் தொகையைச் சொல்லிவிட்டார்.

பூக்கடை அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. “அது என் தொகைங்க” என்றது.

“உன் தொகையா? என் போன்ல இருந்தது!”

“என் போன்லயும் அதேதாங்க இருந்துச்சு.”

பின்னால் நின்ற ஒருவர் தனக்கும் அதேதான் என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே தொகையைச் சொன்னார்கள்.

பலகைக்கு இந்தப் பக்கம் நான் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அதே தொகையை என் வீட்டுக்காரர் என் காதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தம்பி தன் போனை எடுத்தான், அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளை வாய்க்குள் ஒரு தரம் சொன்னான், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

“எல்லாருக்கும் ஒரே சாவியா போட்டுட்டேன்” என்றான். “எல்லாம் ஒரே பர்ஸுதான். உங்க எல்லார் காசும் அதுலதான் இருந்துச்சு.”

“சரி. எடுத்தது யாரு?” என்றார் வெற்றிலைக்காரர்.

எனக்குத் தெரிந்து என் தம்பி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடவே சொல்வான். அன்றைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவர் சட்டையைப் பிடித்தார். “யாருடா? நீதான எடுத்த?” என்று உலுக்கினார். அவன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர, பலகைப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும். அவனைப் பெற்றதற்காக எங்கள் அம்மாவை நான் மனசுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கிவிட்டது.

“அவன விடுங்க. எடுத்தது எங்க வீட்டுக்காரரு” என்றேன். “அவருக்கும் தெரியாது, தன்னோடதுன்னுதான் எடுத்தாரு. காசு இப்ப வயல்ல இருக்கு.”

“வயல்லன்னா?”

“நட்டாச்சு.”

அதை யாரும் நம்பவில்லை. மொத்தக் கூட்டமும் அந்த நேரமே கிளம்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வயலுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் மடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சேற்றுக் கையோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, “பிடுங்கிக் குடுக்க முடியாது. அறுத்துக் குடுக்குறேன். நீங்க போட்டது முதல்ல, எனக்கு அப்புறம்” என்றார். வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் உண்மையில் எவ்வளவு போட்டோம் என்பதைச் சொன்னார்கள். அதைச் சொல்ல மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். தெரிந்துவிட்டதே, எல்லோரும் போட்டது சின்னச் சின்னத் தொகைதான்.

அன்றிலிருந்து எங்களுக்கு வயலில் நிம்மதி போயிற்று. போனில் விலை பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது பயிரைப் பார்க்க வந்தார்கள். வெற்றிலைக்காரர் புல்லட்டில் வந்து வரப்பில் நின்று, “நேத்து பாத்ததுக்கு இன்னிக்கு ஏறுன மாதிரி தெரியலயே?” என்பார். பூக்கடை அக்கா திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனது. இலை கொஞ்சம் மஞ்சளானால் என் தையல் கடைக்கு ஆள் மாற்றி ஆள் வந்து விசாரித்தார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள்கூட முதலில் பயிர் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

கார்த்திகையில் அடைமழை வந்தது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் போக வழியில்லாமல் பயிர் முழுகத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் தனியாக மண்வெட்டியோடு போனார். கொஞ்ச நேரத்தில் கடைத்தெருவே குடையும் கோணிச் சாக்குமாக வந்து சேர்ந்தது. வெற்றிலைக்காரர் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டார். “இழுங்கய்யா, நம்ம காசு முழுகுது!” என்று அவர் போட்ட சத்தத்தில் தம்பிகூட வேலை செய்தான். தண்ணீர் வடிந்தது. என் வீட்டுக்காரருக்கு இத்தனை ஆட்கள் உதவிக்கு வந்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு நாள்தான். அதற்கு முன்னால் எத்தனையோ மழையில் அவர் பயிர் முழுகியிருக்கிறது. அப்போது யாருக்கும் அதில் காசு இல்லை.

மாசியில் அறுத்தோம். நல்ல மகசூல் என்றே சொல்ல வேண்டும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வந்ததும், களத்திலேயே வைத்து ஒவ்வொருவருக்கும் அவர் போட்டதைத் திருப்பிக் கொடுத்தார். யாருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. பூக்கடை அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எனக்கு ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்துவிட்டுப் போனது. எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. நிலத்துக்காரரும் வயலை அடுத்த வருஷத்துக்கும் எங்களிடமே விடுவதாகச் சொல்லிவிட்டார். எல்லாம் தப்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியாக வெற்றிலைக்காரர் மட்டும் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். பணத்தை மடியில் வைத்துக்கொண்டு, “எங்களுக்கெல்லாம் குடுத்தது போக உங்களுக்கு என்னண்ணே மிச்சம்?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். “சாப்பாட்டுக்கு நெல்லு இருக்கு. இந்த வைக்கோல் இருக்கு.”

“இந்த அஞ்சு மாசம் பட்ட பாட்டுக்கும் இதுதானா?”

“மத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நிக்கும். ஒரு வருஷம் நிக்காது.”

வெற்றிலைக்காரர் பணத்தை மடியில் செருகிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் கிட்டருந்து பாத்துட்டேன், அதனால சொல்றேன். மழை பேஞ்சாலும் போச்சு, பேயலன்னாலும் போச்சு, விலையும் நம்ம கையில இல்ல. இந்த மாதிரி நிச்சயமே இல்லாததுல போயி காசப் போடாதீங்கண்ணே.”

கிண்டல் செய்திருந்தால் நான் அங்கேயே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அந்த மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார், கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பதில் சொல்வார் என்று பார்த்தேன். வயலைப் பற்றி யார் எது சொன்னாலும் சண்டைக்குப் போகிற மனிதர் அவர்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “யோசிக்கணும்” என்றார்.